மண்ணாங்கட்டி வடகடலில் மாவளி சுற்றிய மத்தியானம்

அடி அண்ணாமலையில் மண்ணாங்கட்டி என்று பெயருள்ளவர்கள் ஒன்றிரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரை வைத்து, இதில் ஆசைப்பட ஒன்றுமில்லை என்று எமனுக்குக் காட்டிவிடுவது வழக்கம். நம் மண்ணாங்கட்டி அப்படித்தான் தங்கினார். தங்கியதோடு நிற்காமல் ஊரில் வேறு யாரும் போகாத தூரத்துக்கும் போனார். பூமி உருண்டையின் உச்சந்தலைக்குப் பக்கத்தில், வட துருவக் கடலில், ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் சமைத்துப் போட்டார். அங்கே இருந்தவர்களுக்கு முழுப் பெயர் வாயில் நுழையாததால் ‘மன்னா’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

“அங்க எல்லாரும் என்னை மன்னானுதான் கூப்பிடறாங்க” என்று அவர் மனைவி பச்சையம்மாளிடம் பெருமையடித்தபோது அவள் கேட்டாள்: “கூப்ட்டு வெங்காயம் உரிக்கச் சொல்றாங்களா?”

உண்மையில் அப்படித்தான். அப்போது அவர் செகண்ட் குக்.

1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டத் தலைநகர் ஆக்கினார்கள். அந்த வருஷம்தான் மண்ணாங்கட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சேர்ந்தார். ஊரெல்லாம் புது ஆபீஸ், புது கிளார்க்குகள். பாதிப் பேர் குடும்பத்தை வெளியூரில் விட்டு வந்தவர்கள், எல்லோருக்கும் பசி. சில வருஷத்தில் பௌர்ணமிக் கூட்டமும் பெருக ஆரம்பிக்க, அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் இறக்குவது மண்ணாங்கட்டியின் வேலை ஆயிற்று. அவர் எதையும் அவசரமாகக் கற்றுக்கொள்கிற ஆள் இல்லை. ஓர் அண்டா அடிப்பிடித்தால், அடுத்த தடவை விறகை மட்டும் மாற்றுவார். அப்போதும் பிடித்தால் விறகைப் பழையபடி வைத்துவிட்டுத் தண்ணீரை மாற்றுவார். இரண்டையும் சேர்த்து மாற்றவே மாட்டார்.

“சேர்த்து மாத்தினா, எது செஞ்ச வேலைனு எப்டித் தெரியும்?” என்பார். மெஸ்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

கூட்டம் வர வர, மலை சுற்றும் சாலையோர நிலத்துக்கும் மவுசு வந்தது. கள்ளியும் கல்லுமாக ஆடுகூட மேயாத இடங்களில் வெள்ளையடித்த கற்கள் முளைத்தன. பக்கத்து வீட்டு மூர்த்தி உழவை விட்டுவிட்டு மனைத் தரகர் ஆனார். அவரும் இன்னொரு தரகரும் ஒரே பொறம்போக்கை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து அளந்துகொண்டு வந்து, நடுவில் முட்டிக்கொண்டு நின்ற கதையை மண்ணாங்கட்டி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சென்னையில் கப்பல்களுக்கு ஆள் எடுத்து அனுப்பும் சக்கரவர்த்தி என்பவர் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவார். மெஸ்ஸில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு நேராகச் சமையல் கட்டுக்கே வந்துவிட்டார்.

“ஒத்த ஆளா இவ்ளோ பேருக்கு இறக்கறியே, கப்பலுக்கு வரியா?”

“கப்பல் எங்க நிக்குதுங்க?” என்று கேட்டார் மண்ணாங்கட்டி, விழுப்புரம் பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்கிற தோரணையில்.

அதற்குமுன் அவர் கடலையே ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார், மகாபலிபுரத்தில், முழங்கால் வரை. சென்னையில் ஒரு பயிற்சி முடித்து, சரக்குக் கப்பலில் ஏறி, முதல் மாதம் முழுக்க வாந்தி எடுத்தார். அதிலும் அவருக்கு அவசரம் இல்லை. எதைச் சாப்பிட்டால் குமட்டல் கம்மி, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் கம்மி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் கடலோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். சிங்கப்பூர், துபாய், ராட்டர்டாம் என்று சுற்றி, 2004இல் நார்வேக்காரர்களின் ஆராய்ச்சிக் கப்பலுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் ஓலாவ். பனிக்கரடி வந்தால் மற்றவர்களைக் காப்பாற்றத் துப்பாக்கியோடு நிற்பது ஓலாவின் வேலை. தாடிக்காரர், எதற்கும் பதறாதவர். மண்ணாங்கட்டி தனக்காகக் கிண்டிவைத்த கேழ்வரகுக் களியை முதலில் பார்த்தபோது, கடலடியிலிருந்து எடுத்துவந்த சேற்றை யாரோ சட்டியில் மறந்து வைத்துவிட்டதாக நினைத்து, அதைப் பத்திரமாக ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர். பிறகு ருசி கண்டுவிட்டார்.

கப்பலில் என்ன ஆராய்கிறார்கள் என்பதை ஓலாவ்தான் அவருக்குப் புரியவைத்தார். முன்பெல்லாம் வருஷம் முழுக்கப் பனி மூடிக் கிடந்த கடல் இது. இப்போது சூடு ஏறி, கோடையில் பெரும் பகுதி உருகிவிடுகிறது. கார்த்திகை மாதம் ஆகியும் சில இடங்கள் உறையவில்லை. எவ்வளவு சூடு, எந்த ஆழத்தில் என்று எஃகு வடத்தில் கருவியை இறக்கி அளக்கிறார்கள். கூடவே கடலடியையும் அளக்கிறார்கள். பனி போய்விட்டால் கப்பல் ஓட்டலாம், எண்ணெய் தோண்டலாம். அதனால் கடலுக்கு அடியில் இருக்கும் மேடு எங்கள் நாட்டின் தொடர்ச்சிதான் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

“பத்திரம் யார் பேர்ல இருக்குது?” என்று கேட்டார் மண்ணாங்கட்டி.

“யார் பேரிலும் இல்லை.”

“அப்ப பொறம்போக்கு” என்று முடித்துவிட்டார் மண்ணாங்கட்டி. மூர்த்தியின் கதையை ஓலாவுக்குச் சொன்னார். ஓலாவ் அதை மற்றவர்களுக்குச் சொன்னார். கப்பலில் அந்தக் கடலடி மேட்டுக்கு ‘மூர்த்தியின் மனை’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

2007 ஆகஸ்டில் ரஷ்யர்கள் வட துருவத்துக்கு நேர் கீழே, கடலடியில், தங்கள் கொடியை நட்டார்கள். அதிலிருந்து எல்லோரும் விறைத்துக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் நார்வேக் கப்பல் ஒரு பெரிய பனித்தட்டை ஒட்டி நங்கூரமிட்டு வேலை செய்தபோது, இரண்டு மைல் தள்ளி அதே பனித்தட்டின் அடுத்த ஓரத்தில் ஒரு ரஷ்ய ஆராய்ச்சிக் கப்பல் வந்து நின்றது. யாரும் மற்றவர் பக்கம் வருவதில்லை, அளந்ததைப் பற்றி வானொலியில் மூச்சு விடுவதில்லை என்று இரு பக்கத் தலைமை விஞ்ஞானிகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ரஷ்யர்கள் பனியில் ஒரு கொடி நட்டார்கள். அடுத்த நாள் நார்வேக்காரர்கள் அதைவிடக் கொஞ்சம் உயரமாக ஒன்று நட்டார்கள். மண்ணாங்கட்டிக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சமயம் அவர் மனதில் வேறொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சீஃப் குக் கிறிஸ்துமஸோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தைத் தனக்குத் தருவார்களா? தராவிட்டால் வெளியிலிருந்து ஒரு சீஃப் வருவார், வருகிறவர் தன் ஆளோடு வருவார், பழைய செகண்ட் குக் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். முடிவு கேப்டன் கையில். கேப்டனோ, தேநீர்க் கோப்பையைத் தவறான கொக்கியில் மாட்டினால்கூட வந்து நின்று பார்க்கிற மனிதர்.

“வந்தா வாங்க. வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் கிட்ட எடம் பார்த்து வெச்சிருக்கேன், மெஸ் போட்டுக்கலாம்” என்று பச்சையம்மாள் சொல்லியிருந்தாள். அது நல்ல யோசனைதான். ஆனால் மண்ணாங்கட்டிக்குக் கடல் பிடித்துப்போயிருந்தது. வாந்தியெடுத்துச் சம்பாதித்த கடல் அது, சும்மா விட மனசு வரவில்லை.

இப்படி இருக்கும்போது கார்த்திகை தீபம் வந்தது.

மலை உச்சியில் தீபம் ஏறினதும் வீட்டு வாசலில் விளக்கு வைப்பதும், ஆண்கள் மாவளி சுற்றுவதும் அடி அண்ணாமலையில் விட முடியாத விஷயம். ஆண் பனையின் பூவைக் காயவைத்து, காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் இறுக்கிச் சுருட்டி, பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவில் வைத்துக் கட்ட வேண்டும். நுனியில் நெருப்பு வைத்து, கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால், தீப்பொறி குடை குடையாய் விரியும். கரி நயமாக இருக்க வேண்டும். ஈரம் பட்டால் புகையும், பொறி வராது.

பச்சையம்மாள் அதில் கைதேர்ந்தவள். அந்த வருஷம் விடுமுறை முடிந்து கிளம்பும்போது ஒரு மாவளியை நன்றாகக் கட்டி, பிளாஸ்டிக் உறை மேல் உறையாகப் போட்டு, பெட்டியில் வைத்துவிட்டாள். பொரியும் வெல்லமும் கூட வைத்தாள். விமான நிலையத்தில் இந்தக் கரி என்ன என்று கேட்டவரிடம் மண்ணாங்கட்டி, “பல்பொடிங்க” என்று சொல்லி, சந்தேகம் தீர விரலால் தொட்டு இரண்டு பல்லைத் தேய்த்தும் காட்டினார்.

தீபத்துக்கு முந்தைய நாள் அவர் கேப்டனிடம் போய், சாமிக்கு ஒரு சின்ன விளக்கு ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“கப்பலில் நெருப்பா? திரிகூடக் கூடாது. கப்பலில் நெருப்பு வைப்பவனுக்குக் கப்பலில் இடமில்லை” என்றார் கேப்டன்.

மண்ணாங்கட்டி அதை நிதானமாக யோசித்தார். கப்பலில் கூடாது. சரி. பனித்தட்டு கப்பல் இல்லையே?

ஊரில் மாலை ஆறு மணி என்றால் அங்கே மத்தியானம் ஒன்றரை. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் ஒதுங்கும் நேரம். மத்தியானம் என்றுதான் பெயர், மாதக்கணக்கில் சூரியன் எழும்பாத இருட்டு. நிலா மட்டும் சில நாட்களாக மறையாமல் வானத்தின் ஓரமாகவே கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. “பௌர்ணமி, அதான் வலம் போவுது” என்று ஓலாவிடம் விளக்கினார் மண்ணாங்கட்டி.

இருவரும் பனியில் இறங்கி, கப்பலிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி நின்றார்கள். ஏப்ரனுக்கு மேல் கம்பளிக் கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய். மாவளி சுலபத்தில் பற்றவில்லை. ஓலாவின் லைட்டரைப் பிடித்துக்கொண்டு இருவரும் மாற்றி மாற்றி ஊதினார்கள். கடைசியில் நுனி சிவந்தது. மண்ணாங்கட்டி தெற்குப் பக்கமாக, அதாவது தோராயமாக மலை இருக்கும் பக்கமாக, ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சுழற்ற ஆரம்பித்தார்.

ஊரில் அப்படி ஒரு மாவளியை அவர் பார்த்ததில்லை. காய்ந்த குளிர்காற்றில் பொறிகள் அணையாமல் நெடுந்தூரம் போயின. பனி முழுக்கச் செம்பொன்னாக மின்னியது.

“அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று கத்தினார்.

“அரோகரா!” என்று ஓலாவும் கத்தினார், துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு.

இரண்டு மைலுக்கு அப்பால் ரஷ்யக் கப்பலில் இதைப் பார்த்தவர்கள் திகைத்துவிட்டார்கள். பனியில் ஆபத்தில் சிக்கியவன் விளக்கை வட்டமாகச் சுழற்றுவது எல்லாக் கடலோடிகளும் அறிந்த அடையாளம். இது சாதாரண விளக்கும் இல்லை, ஆளே எரிவதுபோல் இருக்கிறது. உடனே வானொலியில் நார்வேக் கப்பலைக் கூப்பிட்டு, “உங்கள் பக்கம் விபத்தா?” என்று கேட்டார்கள். மண்ணாங்கட்டி நின்ற இடம் கண்காணிப்பு அறையிலிருந்து தெரியாது. அங்கே பணியில் இருந்தவனோ, ரஷ்யர்கள் எதையோ பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, “விபத்து எதுவும் இல்லை. வேறு எதையும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை” என்று பதில் சொன்னான்.

இந்தப் பதிலைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மறைக்கிறார்கள் என்று ரஷ்யர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நம்மிடம் உதவி கேட்க வெட்கப்பட்டு ஆளைச் சாகவிடப் போகிறார்கள்! ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பனிவண்டிகளைக் கிளப்பினார்கள். டாக்டர், ஸ்ட்ரெச்சர், தீயணைப்பான் எல்லாம் ஏறின. அவர்களுடைய தலைமை விஞ்ஞானியான வேரா என்ற நரைத்தலை அம்மாளே முன்னால் உட்கார்ந்து வந்தார்.

மாவளி தீர்ந்து, கடைசிப் பொறிகளை மண்ணாங்கட்டி ரசித்துக்கொண்டிருந்தபோது, விளக்குகளும் இரைச்சலுமாக அவர்கள் வந்து சூழ்ந்தார்கள். ஒருவர் அவர்மேல் கம்பளியைப் போர்த்தினார். ஒருவர் தீயணைப்பானை அடித்தார். டாக்டர் கரி அப்பிய முகத்தைப் பார்த்து ஏதோ சொல்லிப் பதறி, நாடியைப் பிடித்தார்.

“நான் நல்லாத்தாங்க இருக்கேன்! ஒண்ணும் ஆவல!” என்று மண்ணாங்கட்டி தமிழிலேயே கத்தினார். கத்தினதை வலி என்று எடுத்துக்கொண்டு அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கட்டினார்கள்.

ஓலாவ் சிரித்துச் சிரித்துப் பனியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேச அவரால் முடியவில்லை.

இதற்குள் கேப்டனும் நார்வேத் தலைமை விஞ்ஞானியும் மற்றவர்களும் கப்பலிலிருந்து ஓடி வந்தார்கள். வேரா கேப்டனைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். எரிகிற மனிதனை மறைப்பது எந்த நாட்டு நியாயம்? கேப்டன், எல்லை தாண்டி வந்ததற்கு விளக்கம் கேட்டார். தலைமை விஞ்ஞானி இருவருக்கும் நடுவில் கையைக் கையை ஆட்டினார். ஸ்ட்ரெச்சரில் கட்டுண்டு கிடந்த மண்ணாங்கட்டி நிலாவைப் பார்த்துக்கொண்டே நினைத்தார்: போச்சு. வேங்கிக்கால்தான்.

ஓலாவுக்கு ஒருவழியாய் மூச்சு திரும்பி, நடந்ததைச் சொன்னார். எல்லோரும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்கள்.

“பண்டிகையா?” என்றார் வேரா.

“ஆமாங்கம்மா” என்றார் மண்ணாங்கட்டி. “எங்க ஊர்ல மலை மேல தீபம். இங்க மலை இல்ல.”

வேரா முதலில் சிரித்தார். டாக்டர் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. “பனி கப்பல் இல்லை என்று நினைத்தாயா?” என்று கேட்டார்.

“ஆமா சார்.”

கேப்டனுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் உயிரைக் காப்பாற்ற ஓடி வந்தவர்களைக் குளிரில் அப்படியே திருப்பி அனுப்புவது கடலில் யாரும் செய்யாத காரியம். சீஃப் குக் இடுப்பு வலியில் படுத்திருந்தார். “கட்டை அவிழ்த்துவிடுங்கள். இவர்களுக்குச் சாப்பாடு போடட்டும். மற்றதை அப்புறம் பேசுகிறேன்” என்றார் கேப்டன்.

அந்த ‘அப்புறம்’ என்னவாக இருக்கும் என்று மண்ணாங்கட்டிக்குத் தெரியும். ஆனாலும் சமையலறைக்குள் நுழைந்ததும் கை தன் வேலையைப் பார்த்தது. முகத்துக் கரியைக்கூடக் கழுவ நேரமில்லை. வெல்லத்தைப் பாகு காய்ச்சி, பதம் பார்த்து, பொரியைக் கொட்டி உருண்டை பிடித்தார். பண்டிகைக்கென்று ஊறப்போட்டிருந்த பருப்பையெல்லாம் அரைத்துக் காரமாக அடை வார்த்தார். ஓலாவ் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தார்.

மேஜையில் இரு நாட்டுக்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அடையின் காரம்தான் முதலில் வாயைத் திறக்கவைத்தது. தண்ணீர் கேட்டார்கள், பெயர் கேட்டார்கள். பொரி உருண்டையைக் கடிக்க டாக்டர் பட்ட பாட்டைப் பார்த்து எல்லோரும் கூடிச் சிரித்தார்கள். அடை சுடச்சுடக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்த மண்ணாங்கட்டியின் காதில், நார்வேத் தலைமை விஞ்ஞானி தயங்கித் தயங்கிக் கேட்பது விழுந்தது.

“உங்கள் வெப்பமானி... சரியாக வேலை செய்கிறதா?”

வேரா தட்டிலிருந்து நிமிர்ந்தார். “ஏன் கேட்கிறீர்கள்? எங்களுடையது கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன். ஆழத்தில் இருக்கவேண்டியதைவிடச் சூடு அதிகம் காட்டுகிறது. இரண்டு முறை பிரித்து மாட்டினோம்.”

“நாங்கள் மூன்று முறை.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒப்பந்தத்தை மறந்து, வேரா மேஜைத் துணியின் ஓரத்தில் ஓர் எண்ணை எழுதினார். நார்வேக்காரர் அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதினார். இரண்டும் ஒன்றுதான். கருவி கெடவில்லை, கடல்தான் சூடாகியிருக்கிறது. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வாய்வராமல் வாரக்கணக்கில் நல்ல கருவிகளைப் பிரித்துப் பிரித்து மாட்டியிருக்கிறார்கள். கருவி நன்றாக இருக்கிறது என்று இருவருக்கும் நிம்மதி. எண் சொன்ன சேதியில் இருவருக்கும் முகம் வாடியது. பிறகு வேரா இன்னோர் அடை கேட்டார். அன்று சாயங்காலம் வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.

ரஷ்யர்களை வழியனுப்பிவிட்டுக் கேப்டன் சமையலறைக்கு வந்தார். மண்ணாங்கட்டி கல்லைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நேராக நின்றார். கேப்டன் கொக்கிகளில் தொங்கிய கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியான இடத்தில் இருந்தன.

“இந்த நெருப்பு வேலை, இதை வருஷா வருஷம் செய்தாக வேண்டுமா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. “ஆமா சார்” என்றார் மண்ணாங்கட்டி.

“அப்படியானால் அடுத்த வருஷம் முதலில் என்னிடம் சொல். நான் அவர்களுக்கு வானொலியில் சொல்லிவிடுகிறேன். சீஃப் குக் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மண்ணாங்கட்டி கையில் தேய்ப்பானோடு நின்றபடியே அந்த வாக்கியத்தை மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்தார். சீஃப் குக் என்றது படுத்திருக்கிறவரை இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தது நான்தானே! ஓலாவைத் தேடி ஓடினார்.

அந்த வாரம் சாட்டிலைட் போனில் பச்சையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“இன்னாங்க சொல்றீங்க, கட்டிலோட கட்டிப் போட்டாங்களா?” என்று அவள் சிரித்த சிரிப்பு போனில் இரைந்தது.

“அத விடு. நான்தான் இனிமே சீஃப் குக்கு.”

“அப்ப வேங்கிக்கால் மெஸ்ஸு?”

“இன்னும் கொஞ்ச வருஷம் போவட்டும் பச்சை.”

“ஐஸு உருகி முடியற வரைக்குமா?”

“உருகினா இன்னும் கப்பல் ஜாஸ்தியாத்தான் வரும். எல்லாரும் கல்லு நடணும் இல்ல?”

“நல்லா இருக்குது போங்க, ஒலகம்” என்றாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “சரிங்க. ஊருக்கே சீஃப் குக் ஆயிட்டீங்க. லீவுல வந்தீங்கனா வீட்டுச் சமையல் உங்களுது. நான் உக்காந்து சாப்பிடறேன்” என்றாள்.

“ஹலோ? பச்சை? ஹலோ? லைன் சரியில்ல, ஒண்ணும் கேக்கல” என்றார் மண்ணாங்கட்டி.

லைன் தெளிவாகத்தான் இருந்தது.